நான்காவது ஃபாரம்

அன்பும் மதிப்பும் நிறைந்த மைத்துனருக்கு,

உன் அக்காவின் கணவன், யார் கையையும் கடன் வாங்காமல், தன் சொந்தக் கையால் எழுதுவது. இங்கே நானும் உன் அக்காவும் என் முழங்கால் தவிர மற்ற எல்லா வகையிலும் நலம். அங்கே நீயும் உன் மனைவியும் என் மருமகள் பூசணியும் நலமாக இருக்க வேண்டும். இருபத்தாறு வயதாகி, ஓர் அலுவலகத்தில் பத்துப் பேரை வேலை வாங்குகிற பெண்ணை நான் இன்னும் பூசணி என்றுதான் எழுதுகிறேன் என்று அவளிடம் சொல்லிவிடாதே. ஊதினால் பறந்துவிடும் போலப் பிறந்த குழந்தைக்கு நீ ஏன் அந்தப் பெயரை வைத்தாய் என்று உன் அக்கா இன்று வரைக்கும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

முதலில் உன் சந்தேகத்தைத் தீர்த்துவிடுகிறேன். இதை எழுதுவது நானேதான். உறையின் மேல் இருக்கும் முகவரியைப் பார்த்து ஏதோ குழந்தை எழுதியது என்று நினைத்திருப்பாய். எழுத்து பெரிதாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள். சின்னதாக எழுதினால் பேனா என் பேச்சைக் கேட்பதில்லை. ஒரு நாளைக்கு இரண்டு பக்கம் எழுதுகிறேன். அதனால் இந்தக் கடிதத்தின் தொடக்கத்தில் இருக்கிறவனைவிட முடிவில் இருக்கிறவன் பத்து நாள் கிழவனாக இருப்பான். உன் அக்காவிடம் வீட்டுப்பாடம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். "இந்த வயசுல ஒரு மனுஷனுக்கு இவ்வளவு வீட்டுப்பாடமா? நான் வந்து அந்த டீச்சர்கிட்ட கேக்கறேன்" என்று நேற்றுச் செருப்பு மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். கெஞ்சி உட்கார வைத்தேன்.

எங்கள் தெரு முனையில் இருக்கும் நூலகத்தின் மாடியில், அறுபது வயது தாண்டியவர்களுக்கு ஆறு வார வகுப்புகள் நடத்துகிறார்கள். செல்ஃபோனில் படம் எடுப்பது, நாற்காலியில் உட்கார்ந்தபடியே உடற்பயிற்சி செய்வது, பாட்டு, சதுரங்கம், இப்படிப் பல. அதில் எழுதப் படிக்கச் சொல்லித்தருவதும் ஒன்று என்று வானொலியில் கேட்டேன். உன் அக்காவிடம்கூடச் சொல்லாமல், நடந்து வருகிறேன் என்று கிளம்பிப் போனேன். மேசையில் இருந்த பெண் என் பெயரைக் கேட்டு அவளே எழுதிக்கொண்டாள். அப்பாடா என்று மூச்சு விட்டேன். உடனே தாளை என் பக்கம் திருப்பி, "எந்த வகுப்புன்னு நீங்களே டிக் பண்ணிக் குடுத்துடுங்க, ஐயா" என்றாள். எழுதப் படிக்கக் கற்றுத்தருகிற வகுப்பில் சேர, எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். வாயைத் திறந்து கேட்டிருக்கலாம். ஐம்பது வருஷமாகக் கேட்காதவனுக்கு அன்றைக்கு மட்டும் எங்கிருந்து வாய் வரும்? பக்கத்தில் லாரி ஓட்டி ஓய்வு பெற்ற ஒருவர் அதே தாளை முறைத்துக்கொண்டிருந்தார். விவரமான ஆள் போல மூக்குக்கண்ணாடி போட்டிருந்தார். அவர் எந்தக் கட்டத்தில் டிக் போடுகிறார் என்று ஓரக்கண்ணால் பார்த்து நானும் அதிலேயே போட்டேன். என் கை எங்கே போகிறது என்று பார்த்துவிட்டுத்தான் அவர் போட்டார் என்பது பிறகு தெரிந்தது.

இருவரும் போய்ச் சேர்ந்தது முதலுதவி வகுப்பு. மருத்துவமனையில் முப்பது வருஷம் வேலை பார்த்த நர்ஸம்மா ஒருவர் நடத்துகிறார். நான் அவரைத்தான் எழுத்து டீச்சர் என்று நினைத்தேன். "மயங்கி விழுந்தவரா யாராவது நடிக்கிறீங்களா?" என்று அவர் கேட்டதும் முந்திக்கொண்டு கையைத் தூக்கினேன். படுக்க வைத்தார்கள், தலையைச் சுற்றித் துணி கட்டினார்கள், கையை மடக்கித் தொங்கவிட்டார்கள். படிப்பு ஏறுவதற்கு முன்னால் தலையை இப்படி இறுக்கிக் கட்டுவது ஒரு முறை போலிருக்கிறது என்று பேசாமல் கிடந்தேன். லாரிக்காரர் குனிந்து, "எழுத்து எப்ப சார் வரும்?" என்றார். "முதல்ல கட்டு அவிழட்டும் சார்" என்றேன்.

இரண்டாவது வாரமே இது வேறு வகுப்பு என்று புரிந்துவிட்டது. ஆனால் புரிந்ததை எப்படிச் சொல்வது? நான்கு வாரம் ஒழுங்காக மயங்கி விழுந்தேன். என்னை மாதிரி விழ ஆளில்லை என்று நர்ஸம்மா எல்லோர் முன்னாலும் பாராட்டினார். நான்காவது வாரம் பலகையில் ஏதோ எழுதிவிட்டு, ஒவ்வொருவராக எழுந்து ஒரு வரி வாசிக்கச் சொன்னார். என் முறை வந்தபோது நான் மயக்கத்திலிருந்து எழுந்திருக்கவே இல்லை. நர்ஸம்மா என் பக்கத்தில் மண்டியிட்டு, காதோரமாக, "ஐயா, படிக்க வராதா?" என்றார். கண்ணை மூடியபடியே தலையை ஆட்டினேன். "இத்தன நாளா சொல்லியிருக்கலாமே!" "மயக்கத்துல இருக்கறவன் எப்படிம்மா சொல்றது?" என்றேன். அந்த அம்மா சிரிக்கவில்லை. கட்டைக்கூட அவிழ்க்காமல், ஒரு கையில் என்னையும் மறு கையில் லாரிக்காரரையும் பிடித்து அடுத்த அறைக்குக் கூட்டிப் போய் விட்டார்.

அந்த அறையில்தான் என் டீச்சர் இருந்தார். பகலில் ரயில் நிலையத்தில் ஒலிபெருக்கியில் அறிவிப்புச் செய்பவர். அவர் வாயில் 'அ' என்ற எழுத்துகூட இன்னும் சற்று நேரத்தில் மூன்றாவது நடைமேடைக்கு வரும் போலத்தான் கேட்கும். அவருக்கு ஒரே ஒரு சட்டம். படத்தைப் பார்க்கக் கூடாது. எங்களைப் போன்றவர்கள் வாழ்நாள் முழுவதும் படத்தையும் நிறத்தையும் பார்த்தே ஊகித்துப் பிழைத்தவர்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. லாரிக்காரர் மாம்பழப் படத்தைப் பார்த்துவிட்டு, கீழே இருந்த 'பழுத்தது' என்ற சொல்லை அழகாக, நிறுத்தி, எழுத்துக் கூட்டி, 'மாம்பழம்' என்று வாசித்தார். "கவனிக்கவும்," என்றார் டீச்சர், "கண்ணு எழுத்து மேல இருக்கணும். படம் இருந்தா கையால மூடிக்கங்க. ஒரு பக்கம் முடியாம அடுத்த பக்கத்தத் திருப்பக் கூடாது." அன்றிலிருந்து நான் படத்தை மூடித்தான் படிக்கிறேன். ஆறு வார வகுப்பு என்றார்கள். நான் அதையே நான்கு தடவை படித்தேன். ஒவ்வொரு தடவையும் மேசைப் பெண், "மறுபடியுமா ஐயா?" என்பாள். நானே டிக் போட்டுக் கொடுப்பேன். சரியான கட்டத்தில்.

எழுத்து வந்ததும் உலகம் ஒரே சத்தமாகிவிட்டது, மைத்துனா. சுவரெல்லாம் பேசுகிறது. நம் பழைய தெருவில் மஞ்சள் சுவர் ஒன்று உண்டே, முப்பது வருஷமாக நான் வெற்றிலை போட்டுத் துப்பி வந்த சுவர். இங்கே துப்பாதீர்கள் என்று அதில் எழுதியிருக்கிறது. என்னையே பார்த்து எழுதியிருக்கிறது. பேருந்தில் உட்கார்ந்தால் கடைப் பலகை ஒன்று விடாமல் சத்தமாக வாசிக்கிறேன். "மெதுவா வாசிங்க. கண்டக்டரு உங்கள ஊருக்குப் புதுசுன்னு நெனச்சு எங்க இறங்கணும்னு மூணு தடவ கேட்டுட்டாரு" என்கிறாள் உன் அக்கா. ஆனால் அவளும் சில சமயம் ஒரு பலகையைக் காட்டிவிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

இன்றோடு எழுதத் தொடங்கி ஐந்து நாள் ஆகிறது. இதுவரை எழுதியதெல்லாம் சொல்ல வந்ததைத் தள்ளிப்போடத்தான் என்று உனக்குப் புரிந்திருக்கும்.

வகுப்பின் கடைசி நாள், எல்லா வகுப்புக்காரர்களும் கீழே கூடத்தில் உட்கார, நாங்கள் ஒவ்வொருவரும் நூலகத்தில் பிடித்த ஒரு புத்தகத்தை எடுத்து ஒரு பக்கம் வாசிக்க வேண்டும். நான் அலமாரிகளின் முன்னால் நடந்தபோது, பெயரைப் பார்க்கும் முன்பே ஒரு புத்தகத்தின் முதுகு என்னைக் கூப்பிட்டது. பச்சைத் துணி, நீயும் நானும் ஒன்றாக வேலை பார்த்த அச்சகத்து பைண்டிங். எடுத்துத் தடவினேன். நம் மேசையில் தைத்த புத்தகம். மேலட்டையை நானே வாசித்தேன், 'வீட்டில் முதலுதவி'. முன்வரிசையில் நர்ஸம்மா வேறு உட்கார்ந்திருந்தார். இதைவிடப் பொருத்தமாக என்ன இருக்க முடியும்? மயங்கி விழுந்தவரைப் பற்றி எங்கே இருக்கிறது என்று நூலகப் பெண்ணிடம் கேட்டு, நாற்பத்தெட்டாம் பக்கத்தில் விரல் வைத்துக்கொண்டு மேடை ஏறினேன்.

நன்றாகத்தான் தொடங்கினேன். "மயங்கி விழுந்தவரைக் காற்றோட்டமான இடத்தில் படுக்க வைக்கவும். இறுக்கமான உடைகளைத் தளர்த்தவும். பிறகு அவருடைய கால்களை மெதுவாகத் தூக்கி." பக்கம் முடிந்தது. திருப்பினேன். "இரண்டு அங்குல ஆழத்தில் புதைத்து, மேலே எருவைத் தூவவும். மூன்று நாளைக்கு ஒரு முறை தண்ணீர் ஊற்றினால் போதும். எறும்பு வந்தால் கவலைப்பட வேண்டாம்."

நர்ஸம்மா எழுந்து நின்றுவிட்டார். "ஐயா, நான் அப்படிச் சொல்லித்தரலையே!" லாரிக்காரர் பின்னாலிருந்து, "நாலு வாரம் விழுந்து கெடந்தீங்களே சார், நல்லவேள உங்கள நட்டுடல" என்றார். கூடமே சிரித்தது. நான் தவறாக வாசித்துவிட்டேன் என்று நினைத்து மறுபடியும் தொடக்கத்திலிருந்து, இன்னும் கவனமாக, எறும்பு வரைக்கும் வாசித்தேன். இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள். டீச்சர் மேடைக்கு வந்து புத்தகத்தை எட்டிப் பார்த்து, "நீங்க சரியாத்தான் படிக்கிறீங்க" என்றார். அப்போதுதான் என் கண் பக்கத்தின் அடிக்குப் போனது. அங்கே பொடி எழுத்தில் ஒரு வரி. 'தோட்டம் 4'. பின்னால் புரட்டி முப்பத்து மூன்றாம் பக்கத்தின் அடியைப் பார்த்தேன். 'முதலுதவி 3'.

உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் எழுதினால்தான் எனக்கு ஆறும். பதினாறு பக்கம் அச்சடித்த ஒரே தாளை மடித்தால் ஒரு ஃபாரம். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஃபாரங்களை வரிசையாக எடுத்து நீ அடுக்குவாய், எதிரில் உட்கார்ந்து நான் தைப்பேன். ஒவ்வொரு ஃபாரத்தின் முதல் பக்கத்து அடியிலும் புத்தகத்தின் பெயரும் எண்ணும் இருக்கும். எனக்கு எண் தெரியும். பெயர் தெரியாது. அது உனக்கு மட்டும்தான் தெரியும். அதனால்தானே புதுக் கட்டு வரும்போதெல்லாம், உனக்கு நீயே சொல்லிக்கொள்வதைப் போல, "முதலுதவி இந்தப் பக்கம், தோட்டம் அந்தப் பக்கம்" என்று உரக்கச் சொல்வாய். மற்றவர்கள் உன்னைத் தனியாகப் பேசுகிற பைத்தியம் என்பார்கள்.

அன்று மத்தியானம் உனக்குப் பெண் பிறந்த செய்தி வந்தது. முதலாளியிடம் கேட்டால் விடமாட்டார் என்று, "மாமா, ரெண்டு மணி நேரம் பாத்துக்கங்க, பறந்து வந்துடறேன்" என்று பின் கதவு வழியாக ஓடினாய். நான் உன் இடத்தில் நின்று அடுக்கினேன். எவ்வளவு பெருமையாக அடுக்கினேன் தெரியுமா? நான்காவது ஃபாரம் தீர்ந்துபோனது. அலமாரியில் தேடினேன். நான்கு என்று போட்ட கட்டு ஒன்று அடித்தட்டில் இருந்தது. எடுத்தேன். நான்கு நான்குதானே? ஐம்பது பிரதி அடுக்கி முடித்தபோது நீ வந்தாய். "எலிக்குஞ்சு மாதிரி இருக்கா மாமா" என்று கையை விரித்துக் காட்டினாய்.

ஒரு மாதம் கழித்து ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து புத்தகங்கள் திரும்பி வந்தன. "யார் அடுக்கினது?" என்று முதலாளி கத்தினார். நீ என்னைப் பார்த்தாய். நான் உன்னைப் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குத் தெரியாது. நான் நான்கைத்தான் எடுத்தேன் என்று நிச்சயமாக இருந்தேன். வேறு நாளில் நீ செய்த தவறாக இருக்கும் என்று நினைத்தேன். நீ, "நான்தான் முதலாளி" என்றாய். நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். அன்று வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது, உன் மனைவியும் அக்காவும் பார்த்துக்கொண்டிருக்க, நான் என்ன சொன்னேன் என்று நீ மறந்திருக்க மாட்டாய். நானும் மறக்கவில்லை. "படிக்கத் தெரிஞ்சவன் பண்ற வேலையாடா இது? கண்ண எங்க வெச்சிருந்த?" என்றேன். நீ பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவிவிட்டு எழுந்தாய். அடுத்த மாதம் வேறு ஊர், வேறு அச்சகம். இருபத்தாறு வருஷமாகத் தொலைபேசியில் உன் அக்காவிடம், "வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்களா?" என்று கேட்கிறாய். அந்த எல்லாரும் நான் ஒருவன்தான். நானும், "கேட்டதாச் சொல்லு" என்று நாற்காலியைப் பார்த்துச் சொல்கிறேன்.

கூடத்தில் எல்லோரும் கைதட்டினார்கள். நான் வேண்டுமென்றே சிரிக்க வைத்தேன் என்று நினைத்துவிட்டார்கள். நான் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். நீ ஏன் என் பெயரைச் சொல்லவில்லை என்று அப்போது புரிந்தது. மாமாதான் அடுக்கினார் என்று நீ சொல்லியிருந்தால், முதலாளி அந்த வரியை என் முகத்துக்கு நேரே நீட்டி வாசிக்கச் சொல்லியிருப்பார். அத்தனை பேர் முன்னால் நான் நின்றிருப்பேன். அதைத் தடுக்க நீ உன் வேலையைக் கொடுத்தாய். கைக்குழந்தைக்காரன். அதற்குப் பிறகும் அந்தச் சாப்பாட்டில் நான் கேட்ட கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இதற்குத் தியாகம் என்று பெயர். அந்தச் சொல்லை எழுத எனக்கு மூன்று தாள் வீணானது, ஆனால் வேறு சொல் பொருந்தவில்லை.

ஆகவே, அடுக்கியது நான். தைத்ததும் நானாகத்தான் இருக்கும். தவறு முழுவதும் என்னுடையது. உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். முழு மன்னிப்பு. நீ நேரில் வர வேண்டாம், உன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. மன்னித்தேன் என்று ஒரு வரி எழுதிப் போட்டால் போதும். கொஞ்சம் பெரிய எழுத்தாக எழுது. நானே வாசித்துக்கொள்கிறேன்.

உன் மனைவிக்கு என் அன்பு. பூசணி எல்லா நலமும் பெற்று நெடுநாள் வாழ வேண்டும். நீ நன்றாக இரு, அப்பா. நன்றாக இரு.

இப்படிக்கு,
உன் அக்காவின் கணவன்
(கையெழுத்து. கைநாட்டு அல்ல)

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் ஒன்று நடந்துவிட்டது. இதைக் கிழித்துவிட்டு வேறு எழுதலாம் என்றால் பத்து நாள் உழைப்பு, மனசு வரவில்லை. அந்தப் புத்தகத்தை இரண்டு வாரத்துக்கு வீட்டுக்கு எடுத்து வந்திருக்கிறேன். டீச்சர் சொன்னபடி, ஒரு பக்கம் முடியாமல் அடுத்ததைத் திருப்பாமல், மயக்கத்தைப் பற்றிய பகுதியின் தொடக்கத்திலிருந்து தினம் ஒரு பக்கம் படிக்கிறேன். இன்று ஐம்பத்தாறாம் பக்கத்துக்கு வந்தேன். ஐம்பத்தாறும் ஐம்பத்தேழும் சேர்ந்து ஒரே படம். எழுத்தே இல்லை. மூடிக்கொள்ள என் இரண்டு கையும் போதவில்லை. இரண்டு பக்கத்தையும் அடைத்துக்கொண்டு ஒரு முழுப் பூசணிக்காய். அதுதான் நான்காவது ஃபாரத்தின் நடுப்பக்கம். தைக்கிறவன் ஒவ்வொரு ஃபாரத்தையும் நடுவில் விரித்துத்தான் ஊசியை விடுவான். நான் தைத்திருந்தால் பார்க்காமல் இருந்திருக்க மாட்டேன். எனக்குப் படிக்கத் தெரிந்ததே படம் ஒன்றுதான். கண்ணாடி போட்டுக்கொண்டு முடிச்சைத் தேடினேன். நூல் இடப்பக்கமாக இழுத்து முடிந்திருக்கிறது. நம் அச்சகத்தில் இடது கைக்காரன் யார் என்று நான் உன்னைக் கேட்க வேண்டுமா? இப்போது நினைவுக்கு வருகிறது. நான் அடுக்குகிற இடத்தை விட மனசில்லாமல் நின்றுகொண்டேன், நீ என் இடத்தில் உட்கார்ந்து தைத்தாய். ஐம்பது முதலுதவிப் புத்தகம், ஐம்பது பூசணிக்காய். படிக்கத் தெரிந்தவன் படத்தைக்கூடப் பார்க்கவில்லை. நீ என் பெயரைச் சொல்லாததற்கு இதுவும் காரணமாக இருக்குமோ? மேலே தியாகம் என்று எழுதிய இடத்தை அடித்துவிட்டுப் படி.

பார்க்கவில்லை என்று எழுதிவிட்டு உன் அக்காவிடம் ஒன்று கேட்டேன். அன்று சாயங்காலம் தைத்துவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போனாயே, அங்கே என்ன சொன்னாய் என்று. அவளும் அங்கே இருந்தாள். மத்தியானம் எலிக்குஞ்சு என்றவன், சாயங்காலம் அதே குழந்தையைத் தூக்கி, "என் பூசணி" என்றாயாம். ஆகப் பார்த்திருக்கிறாய். கண்ணால் பார்த்தது பூசணியை, மனசால் பார்த்தது பெண்ணை. உன்னை எப்படிக் குறை சொல்வது?

மன்னிப்பில் பாதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். நேரில் வர வேண்டாம் என்று எழுதியதையும் அடித்துவிடு. அடுத்த வெள்ளிக்கிழமை புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அதற்குள் வா. பூசணியையும் கூட்டி வா. தன் பெயர் எங்கிருந்து வந்தது என்று அந்தப் பெண் பார்க்க வேண்டும். முந்தைய பக்கத்தை நான் வாசித்துக் காட்டுகிறேன். படத்தை நீ காட்டு.